ஒரு கையால் திறக்கிற சட்டை

புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஆபீசிலிருந்து போன் வந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ரிட்டயராகி வீட்டோடு உட்கார்ந்தவளிடம் யோசனை கேட்பது, அடுப்பை அணைத்த பிறகு டீ கேட்பது மாதிரி. அப்புறம் உங்களில் ஒருத்தி கேட்டனுப்பிய கேள்வியைப் படித்தேன். “மேடம், வீடு, வேலை, குழந்தை, லேப்டாப், இதுக்கு நடுவுல நல்லா டிரஸ் பண்றது, எல்லாத்தையும் எப்படி பேலன்ஸ் பண்ணுனீங்க?”

அட சாமி! நான் எங்கே பேலன்ஸ் பண்ணினேன்? தராசில் இந்தப் பக்கம் ஏறினால் அந்தப் பக்கம் இறங்கத்தான் செய்யும். இரண்டையும் ஒரே தட்டில் தூக்கிப் போட்ட ஒரு நாள் உண்டு. அதைச் சொல்கிறேன். டெக் பேக் என்கிற அளவுக் குறிப்பைப் படிப்பது, மெயில் எழுதுவது எல்லாம் உங்கள் சீனியர்கள் சொல்லித் தருவார்கள். இதை அவர்கள் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அன்றைக்கு நடந்த என் தம்பி கல்யாணத்துக்கு அவர்கள் வரவில்லை.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது. முதலிபாளையத்தில் நம் கம்பெனி அப்போது குழந்தை உடுப்பு மட்டும்தான் ஏற்றுமதி செய்தது. நான் மெர்ச்சண்டைசர். ஆர்டர் தருகிற வெளிநாட்டுப் பையருக்கும் நம் தையல் லைனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். எனக்கு அது உயிர். பெண் குழந்தை பிறந்து, லீவு முடிந்து, புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு ஜம்மென்று ஆபீசுக்குள் நுழைந்தால், என் நாற்காலியில் கார்த்தி உட்கார்ந்திருந்தான். நல்ல பையன், அவன் மேல் தப்பில்லை. முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

“ஏனுங் அம்மிணி, கைக்கொழந்தைய வெச்சுட்டு எதுக்குங்க இந்தச் சிரமமெல்லாம்? பையர் எந்நேரம் கூப்புடுவாங்கன்னே தெரியாது. நீங்க சாம்பிள் செக்சனப் பாத்துக்கங்க. பையர் வேலய கார்த்தி பாத்துக்கட்டும். உங்க சம்பளத்துல ஒண்ணும் கொறை வெக்க மாட்டனுங்க.”

இதில் கோபப்படக்கூட வழியில்லை பாருங்கள். நம் பக்கத்து மரியாதை அப்படி. கழுத்தில் கத்தி வைத்தாலும் “சித்த நிமுந்துக்கங்க” என்றுதான் சொல்வார்கள். அழுதால் இவர் சொன்னது சரி என்று ஆகிவிடும், அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“ஒரே ஒரு ஆர்டர் குடுத்துப் பாருங்க. யாரும் எடுக்க மாட்டேங்கறதக் குடுங்க. அது முடியலீன்னா நானே சாம்பிள் செக்சனுக்குப் போயிக்கறனுங்க.”

அவர் யோசித்தார். “செரி. அந்தத் தாய்மார் சட்டைய எடுத்துக்கங்க. அது ஓகே ஆனா உங்க டெஸ்க்கு உங்களுக்கு. ஆகலீன்னா என்னைக் கொறை சொல்லப்படாது” என்றார்.

தாய்மார் சட்டை என்றால், பால் கொடுக்கும் அம்மாக்களுக்கான டாப்ஸ். நமக்குக் குழந்தை உடுப்பு ஆர்டர் தந்துகொண்டிருந்த ஐரோப்பியப் பையர் கம்பெனி, அந்த வருடம் அம்மாக்களுக்கும் உடுப்பு விற்க ஆசைப்பட்டது. பார்க்க அத்தனை ஸ்டைல்! இடுப்பில் லேசான வளைவு, கிரே மெலாஞ்ச் என்கிற வெளிர் சாம்பல் துணி, நெஞ்சுக்கு மேல் இரண்டு பக்கமும் பிரஸ் பட்டன் வைத்த திறப்பு. ஆபீசுக்கே போட்டுக்கொண்டு போகலாம். நாம் சாம்பிள் அனுப்ப, அவர்கள் தாய்மார்களிடம் கொடுத்துப் பார்க்க, “தாய்மார்களுக்குத் திருப்தியில்லை” என்று ஒற்றை வரியில் திரும்பி வரும். நம் ஆட்கள் டம்மிப் பொம்மைக்கு மாட்டி, டேப் வைத்து அளந்து, திறப்பைக் கொஞ்சம் பெரிதாக்கி மறுபடியும் அனுப்புவார்கள். மறுபடியும் அதே வரி வரும். அந்த அறையில் சுற்றி நின்று மண்டையைச் சொறிந்த அத்தனை பேரும் ஆண்கள்.

நான் மட்டும் என்ன பெரிய புத்திசாலியா? நானும் டேப்பைத்தான் எடுத்தேன். மதியம் என் மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார். டிஸ்பாட்ச் பக்கம் அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்து பால் கொடுப்பேன். மாமியார் காவலுக்கு நிற்பார். கொடுத்து முடித்து, துப்பட்டாவைச் சரிசெய்து, மேலே வந்து அதே டாப்ஸை மறுபடி டேப் வைத்து அளப்பேன். பெட்டிக்குப் பின்னால் இருந்த அம்மாவை நான் மாடிக்குக் கூட்டிக்கொண்டே வரவில்லை. ஆபீசில் அவளை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் எனக்கு அப்போது பெரிய கவலை.

இதற்கு நடுவில் என் தம்பி செந்திலுக்குக் கல்யாணம் வந்தது. பொங்கலூர்ப் பக்கம் ரோட்டோரத்து மண்டபம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இணைச்சீர். வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன், மாப்பிள்ளைக்கு அவன் உடன்பிறந்தவளை வைத்துச் செய்கிற சீர் அது. கூறைச் சேலையின் ஒரு முனை தம்பியிடம், மறுமுனை அக்காளிடம். அன்றைக்கு அக்காளுக்கும் கல்யாணப் பெண் கணக்காகப் பட்டும் நகையும் பூவும் உண்டு. அவள் வந்து நிற்காமல் சீர் தொடங்காது.

பையர் கம்பெனியில் முடிவெடுக்கிற பையரம்மாவோடு வீடியோவில் பேசுவது அன்றைக்கு மதியம் என்று ஏற்பாடு. டாப்ஸ் ஓகேயா இல்லையா என்று அந்த அம்மா அதில் முடிவு சொல்லிவிடும். மண்டபத்திலிருந்து ஸ்கூட்டியில் ஆபீசுக்குப் பறந்து, பேசிவிட்டுச் சீருக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போட்டு, சாம்பிள் டாப்ஸ் இரண்டையும் பையில் வைத்துக்கொண்டேன். காலையில் கார்த்தி செல்லில் கூப்பிட்டான்.

“அக்கா, டைம மாத்திட்டாங்க. சாயங்காலம்தான் பேச முடியுமாம். இன்னைக்கு விட்டா வேற நாட்டு கம்பெனிக்குக் குடுத்தர்றாங்களாம்.”

சாயங்காலம் என்றால் இணைச்சீர் நேரம். அதே நேரம்! “நான் பேசிக்கட்டுங்களாக்கா?” என்று கார்த்தி கேட்டான், பாவம், நல்ல மனசோடுதான். என்ன பேசுவாய் என்று கேட்டேன். “திறப்ப இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணித் தர்றோம்னு சொல்றேன்” என்றான். சொல் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மதியம், மணமகன் வீட்டு அறையில் என்னை அலங்காரம் பண்ண ஷீலா வந்திருந்தாள். பல்லடத்தில் பார்லர் வைத்திருந்த பெண். அப்போதுதான் நம் ஊர்க் கல்யாணங்களில் பியூட்டீஷியன் என்பது புது மோஸ்தர். அவள் பெட்டியைத் திறக்கிறாள், பாப்பா வீல் என்று கத்த ஆரம்பித்தாள். நான் அப்போது போட்டிருந்த பழைய ஜாக்கெட் பிள்ளை பெறுவதற்கு முன்னால் தைத்தது. கொக்கி ஒன்றும் கழலவில்லை. எப்படியோ அதைக் கழற்றி எறிந்துவிட்டு, கைக்கு அகப்பட்டதை எடுத்து மாட்டினேன். அது அந்தச் சாம்பிள் டாப்ஸ்.

இடது கையில் பிள்ளை. வலது கையால் பட்டனைத் திறக்கிறேன், வரமாட்டேன் என்கிறது. நகம் மடங்குகிறது, துணி இழுபடுகிறது, பட்டன் அசையவில்லை. இரண்டு கையும் இருந்தால் டப்பென்று திறக்கும், ஆனால் இன்னொரு கையில்தான் பிள்ளை இருக்கிறதே! பாப்பா முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிட்டது. மாமியார் ஓடி வந்தார்.

“அந்தக் கருமத்தைக் கழட்டி எறி மொதல்ல! மாராப்பை ஒதுக்குனாப் போச்சு, இழுத்துட்டா மூடிப் போச்சு. இதுக்குப் போயி எவனாவது பூட்டுப் போடுவானா?”

பூட்டு! எனக்கு அப்படியே சுரீர் என்றது. நாம் யார்? குழந்தை உடுப்புக்காரர்கள். பிள்ளை காலை உதைத்தாலும் பட்டன் திறக்கக் கூடாது, பிய்ந்து வாயில் போய்விடக் கூடாது என்று ராத்திரி பகலாக அதற்காகவே பயந்து தொழில் பண்ணினவர்கள். இருப்பதிலேயே கெட்டியான பட்டனை வாங்கி, அதைக் கெட்டியாக அடிக்கத்தான் நம் கைக்குத் தெரியும். அதே பட்டனை, அதே மிஷினில், அம்மா சட்டைக்கும் அடித்து வைத்திருக்கிறோம். திறப்பின் அளவில் ஒரு கோளாறும் இல்லை. டம்மிப் பொம்மைக்குப் பிள்ளை இல்லை, அவ்வளவுதான் கோளாறு!

டாப்ஸைக் கழற்றிப் போட்டு, பாப்பாவுக்குப் பசியாற்றிக்கொண்டே நான் கத்தினேன். “ஷீலா, கத்திரி இருக்குதா?”

“ஏனுங்க்கா, முடி வெட்டோணுமா?”

“சட்டைய வெட்டோணும்.”

பட்டனே வேண்டாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். இரண்டு சாம்பிளில் ஒன்றை வெட்டி, அதன் மேல்பாதியை, பட்டன் பட்டியை நீக்கிய இன்னொன்றின் மேல் மாராப்பு மாதிரி ஏறி விழும்படி வைத்தேன். மேல் மடிப்பை ஒரு விரலால் ஒதுக்கினால் திறக்கும், விட்டால் தானாக மூடிக்கொள்ளும். ஷீலா என்னைவிடச் சூட்டிகை. பட்டுச் சேலை மடிப்பு நிற்க வைக்கிற கை அல்லவா, ஊக்கு வெளியே தெரியாமல் குத்தி, ஓரத்தைக் கையாலேயே ஓட்டுத் தையல் போட்டுவிட்டாள். “அக்கா, செம்ம ஸ்டைலா இருக்குது. எனக்கு ஒண்ணு வேணும்” என்றாள். அவளுக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை!

எல்லாம் சரி, பேசுவது எங்கே? மண்டபத்துக்கு நேர் எதிரே ஒரு நெட் சென்டர் இருந்தது. அங்கே கேமரா உண்டு. கார்த்தியிடம் சொல்லி பையரை அந்த கம்ப்யூட்டருக்கே வரவைத்துவிடலாம். ஆனால் சீர்?

பட்டும் நகையும் பூவுமாகத் தம்பியிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். இன்றைக்கு இதை விட்டால் நான் அந்த நாற்காலிக்குத் திரும்ப முடியாது என்று வெளிப்படையாகவே சொன்னேன். செந்தில் மாலையை ஒரு தரம் சரிசெய்துகொண்டான்.

“நீ போய்ட்டு வாக்கா. நீ இல்லாம இந்தச் சீர யாரு தொடங்கிருவா? ஆராச்சும் கேட்டா எனக்கு வவுத்த வலின்னு சொல்லிக்கறேன்.”

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகினார். “வெசையாப் போய்ட்டு வா. வந்திருக்கற ஒறம்பரை சனத்த நான் பாத்துக்கறேன்.”

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பல்லடம் ரோட்டைக் கடந்தேன். ஒரு லாரிக்காரர் பிரேக் போட்டுவிட்டு, கல்யாணப் பெண் கைக்குழந்தையோடு ஓடுகிறதே என்று வாயைப் பிளந்து பார்த்தார்! நெட் சென்டரில் திரை மறைத்த ஒரு தடுப்புக்குள் நுழைந்து, சீருக்கென்று தைத்த பட்டு ஜாக்கெட்டுக்கு மேலேயே அந்த டாப்ஸை மாட்டிக்கொண்டேன். நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், நடுவில் கிரே மெலாஞ்ச் டாப்ஸ். கண்ணாடி இல்லாதது என் அதிர்ஷ்டம்.

திரையில் பையரம்மா வந்தார். மைக் வேலை செய்யவில்லை. சரி, டைப் அடிப்போம் என்று, ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் கீபோர்டுமாக ஆரம்பித்தேன். “இப்போது பாருங்கள்” என்று அடித்துவிட்டு, ஒரு விரலால் மடிப்பை ஒதுக்கிக் காட்டினேன். பாப்பா வேறு பழக்க தோஷத்தில் தலையை உள்ளே விட்டுத் தேடினாள். விரலை எடுத்தேன், மூடிக்கொண்டது.

படம் உறைந்துவிட்டது. அதே நேரம் கரண்ட்டும் போயிற்று! யு.பி.எஸ். கீ கீ என்று கத்துகிறது, நெட் சென்டர்காரர் “ரொம்ப நேரம் தாங்காதுங்க” என்கிறார். பழனி முருகா, இந்த ஒரு தடவை மட்டும் என்று வேண்டிக்கொண்டேன். திரையில் ஒரே ஒரு சொல் வந்து விழுந்தது. “மறுபடியும்.”

படம் அசையத் தொடங்கியதும் மறுபடியும் செய்தேன். பையரம்மா எழுந்து போய் இன்னும் இரண்டு பெண்களைக் கூட்டிவந்தார். அவர்களில் ஒருத்தி வயிற்றுப் பிள்ளைக்காரி. அவள் தன் கையாலேயே மடிப்பை ஒதுக்குகிற மாதிரி செய்து பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அதுவும் போதாதென்று நான் இன்னொன்றையும் அடித்தேன். “கிரே மெலாஞ்ச் வேண்டாம். ஒரு சொட்டுப் பால் விழுந்தாலும் ஊருக்கே தெரியும். பூப்போட்ட துணி கொடுங்கள். ஆபீசுக்குப் போகிறவள் பயமில்லாமல் உட்காரட்டும்.” பாப்பா வாய் வைத்து நனைத்திருந்த கறுப்பு ஈர வட்டத்தைக் கேமராவுக்குக் கிட்டே காட்டினேன். மூன்று பேரும் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார்கள். “ஓகே. புதுச் சாம்பிள் அனுப்புங்கள். உங்கள் முதலாளியிடம் நானே பேசுகிறேன்” என்று வந்தது. அதோடு யு.பி.எஸ். கண்ணை மூடியது.

ஓடினேன் பாருங்கள்! மண்டபத்துக்குள் மேளம் அடித்தே களைத்துப் போயிருந்தது. சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். “ஒப்பனை முடியலீங்க, இதா வந்தர்றாங்க” என்று மாமியார் வரிசை வரிசையாகப் பொய் சொல்லிக்கொண்டு போகிறார். முன்வரிசையில், மொய்க் கவரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நம் முதலாளி!

“ஏனுங்க, இன்னும் ஆரம்பிக்கலீங்களா?” என்று அவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்பது என் காதில் விழுந்தது.

“அதெப்படீங்க, இணைச்சீர்காரி வராம ஆரம்பிக்கறது?” என்றார் அந்த மனிதர்.

அந்த நேரத்தில்தான் நான் அவர் முன்னால் போய் நிற்கிறேன், பட்டுக்கு மேல் டாப்ஸைக் கழற்றக்கூட மறந்து. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேடையிலிருந்து செந்தில், “அக்கா, இதென்ன புது மாடலா?” என்று கத்தினான். சனம் கொல்லென்று சிரித்தது. சீருக்கு எனக்கு இரண்டு கையும் வேண்டும். மாமியார் கடைசி வரிசையில் இருந்தார், யோசிக்க நேரமில்லை. பாப்பாவை முதலாளி மடியில் வைத்தேன்.

“சித்த புடிச்சுக்கங்க. ஆர்டர் ஆயிப் போச்சுங்க.”

டாப்ஸை உருவி நாற்காலியில் போட்டுவிட்டு மேடை ஏறினேன். கூறைச் சேலையின் ஒரு முனை தம்பி கையில், ஒரு முனை என் கையில். எனக்குக் கண்ணில் நீர் கொட்டுகிறது, தம்பி கல்யாணத்துக்கா ஆர்டருக்கா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டுக்கும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது கீழே செல் அடித்தது. முதலாளியுடையது. பையர்தான். செல் பேண்ட் பைக்குள் இருக்கிறது. வலது கையை விட்டால் பிள்ளை சரிகிறது, இடது கை அந்தப் பக்கத்துப் பைக்கு எட்டவில்லை. மனிதர் எழுந்தார், உட்கார்ந்தார், ஒரு பக்கமாகச் சாய்ந்தார். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. பாப்பா அவர் மூக்குக் கண்ணாடியை வேறு பிடித்து இழுக்கிறாள். கடைசியில் மேடையில் இருந்த என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சொன்னார்.

“அம்மிணி, ஒரு கையில முடியலீங்களே!”

“அதானுங்க! அதுதான் இத்தன நாளா நமக்குப் புரியாமப் போனது!” என்று நான் சீர் நடுவில் நின்று கூவினேன். அருமைக்காரர் என்னை முறைத்தார். முறைக்கட்டுமே!

கல்யாணம் முடிந்து ஆபீசுக்குப் போன அன்று என் நாற்காலி காலியாக இருந்தது. கார்த்திக்கு வேறு பையர் கொடுத்திருந்தார்கள். முதலாளி கூப்பிட்டார். வாழ்த்து ஏதாவது சொல்லுவார் என்று போனால், “ஏனுங் அம்மிணி, நீங்க பாப்பாவுக்கு எங்கீங்க பால் குடுக்கறீங்க?” என்று கேட்டார். கூட்டிக்கொண்டு போய் அட்டைப்பெட்டி அடுக்கைக் காட்டினேன். பெட்டிக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான், இதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று.

அந்த வாரமே பெட்டிகளை நகர்த்திச் சுவர் எழுப்பினார்கள். இன்றைக்கு நீங்கள் செல்லைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கதை பேசுகிற அந்தச் சின்ன அறை அதுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டுக் கதையை ஆபீஸ் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வராதீர்கள் என்று சொல்லத்தான் இத்தனையும் சொன்னேன். நமக்கு மட்டும் தெரிந்த சங்கதி அதற்குள்தான் கிடக்கிறது.

கதவு மாட்டுகிற அன்றைக்கு ஆசாரி விதவிதமான கைப்பிடிகளைப் பரப்பி வைத்திருந்தார். முதலாளி கட்டிங் டேபிளிலிருந்து கொஞ்சம் துணியை அள்ளிப் பிள்ளை அளவுக்குச் சுருட்டினார். அதை இடது கையில் அணைத்துக்கொண்டு, ஒவ்வொரு கைப்பிடியையும் முழங்கையால் அமுக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார். நீளமாக இருந்த ஒன்றில் கதவு சட்டென்று திறந்துகொண்டது. துணிப் பிள்ளையோடு உள்ளே போய், வெளியே வந்து, என்னைப் பார்த்தார்.

“இது ஆவுதுங்களா அம்மிணி?”

“ஆவுதுங்க” என்றேன்.